கூட வேலை பார்த்த நண்பர் இறந்துபோனால்: முதல் போனிலிருந்து முதல் வருஷம் வரை

எங்கள் ஆபீஸில் அவர் எல்லோருக்கும் அண்ணன். அவரைவிட 6 வயது மூத்த மேலாளர்கூட 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் 11 வருஷம் எனக்கு எதிர் சீட். ஒரு புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. "என்னண்ணே, காலங்காத்தால?" என்றுதான் எடுத்தேன். பேசியது அவருடைய மச்சான்.

அதற்கு அப்புறம் வந்த ஒரு வருஷத்தில் நாங்கள் செய்ததில் பாதி சரி, பாதி சொதப்பல். சொந்தக்காரர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வீட்டுப் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆபீஸ் நண்பனுக்கு அப்படி யாரும் இல்லை. சடங்கில் நமக்கு இடம் கிடையாது. துக்க லீவும் பெரும்பாலும் ரத்த உறவுக்குத்தான். ஆனால் அந்த மனிதர் விழித்திருந்த நேரத்தில் பாதிக்கு மேல் நம்மோடுதான் இருந்தார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றித்தான். முதல் 3 நாளில் நாங்கள் 60 பேர் அந்த வீட்டு வாசலில் நின்றோம். மூன்றாவது மாதம் ஒருத்தர்கூட இல்லை. ஆள், பணம், அக்கறை எல்லாவற்றையும் 16 நாளுக்குள் கொட்டித் தீர்த்துவிடாதீர்கள். வருஷத்துக்குப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் ஒரு மணி நேரம்

செய்தி சொன்னவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா? எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்? வீட்டில் யாருக்கெல்லாம் இன்னும் சொல்லவில்லை?

மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. ஏழரைக்கே ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். எட்டு மணிக்குள் நான்கு பேர் அவர் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து 'ரெஸ்ட் இன் பீஸ்' எழுதிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்த அவர் மகளிடம் வீட்டில் சொல்லியிருந்தது, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கிளம்பி வா" என்று மட்டும்தான். அந்தப் பெண் பஸ்ஸில் உட்கார்ந்து எங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இதற்கு நான் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவளும் "பரவாயில்லை அங்கிள்" என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் பரவாயில்லை ஆகிவிடாது.

அதனால், வீட்டில் "போடலாம்" என்று சொல்லும்வரை குழுவில் எதுவும் வேண்டாம். நெருங்கிய நான்கைந்து பேருக்குத் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். அனுமதி கிடைத்ததும் ஒரே ஆள், ஒரே செய்தி: பெயர், இறந்த நாள், வீட்டு முகவரி, எடுக்கும் நேரம், எந்த மயானம், ஆபீஸ் சார்பில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும். எப்படி இறந்தார் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

அவசரமான ஒன்று உண்டு. அவர் கண்தானம் பற்றி எப்போதாவது பேசியிருந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். 104-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். அதுவரை கண்களை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மேலே ஓடும் ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வைக்க வேண்டும். பதில் "வேண்டாம்" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

2. எடுக்கும் வரை

இங்கே ஆபீஸ் ஆட்களால் ஆகிற உதவி அழுவதில் இல்லை, அலைவதில் இருக்கிறது. பிள்ளைகளும் தம்பியும் உடம்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள். ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டியவர்கள் நாம்.

ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் இறப்புக் காரணச் சான்று அங்கேயே தருவார்கள். வீட்டில் இறந்திருந்தால் கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல் மயானத்துக்குப் போனால் அங்கே நிற்க வேண்டிவரும். இறந்தவரின் ஆதார் நகல், கையெழுத்துப் போடுபவரின் ஆதார் நகல் இரண்டும் நாலைந்து பிரதி இருக்கட்டும். விபத்து என்றால் போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் உண்டு. அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் அரை நாள்கூட ஆகலாம். அங்கே இரண்டு பேர் மாறி மாறி நின்றால் அதுவே பெரிய உதவி. அரசு மருத்துவமனையிலிருந்து கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி உண்டு, எண் 155377. சென்னை மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்கும் அடக்கத்துக்கும் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் மாநகராட்சியின் 1913-க்குப் புகார் சொல்லலாம். ஆனால் துக்க நேரத்தில் யாரும் சண்டைக்கு நிற்பதில்லை என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும். கூட ஒரு நிதானமான ஆள் போனாலே பாதி பிரச்சினை வராது.

வீடு அடுக்குமாடியில் என்றால் ஃப்ரீசர் பெட்டியைக் கீழே கார் நிறுத்துமிடத்தில்தான் வைப்பார்கள். அதற்கு ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா, சாமியானா, 50 நாற்காலி, தண்ணீர் கேன், டீ வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புப் பற்றவைக்காத வீடு அது. பக்கத்து வீட்டில் யாரும் முந்திக்கொள்ளவில்லை என்றால் குழந்தைகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாலை ஒன்று போதும். ஆளுக்கொரு மாலை வாங்கினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் காலடியில் குவிந்து கிடக்கும். எங்கள் அக்கவுண்ட்ஸ் பெண் ஒருத்தி மட்டும் மாலை வாங்காமல், அவர் தினமும் சாமி படத்துக்கு வைக்கிற நித்யமல்லி இரண்டு முழம் வாங்கி வந்தாள். அண்ணி அதை வாங்கி அவர் நெஞ்சின் மேல் வைத்தார். மற்ற மாலைகள் யார் போட்டது என்று யாருக்கும் நினைவில்லை.

கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடு என்றால் முறைகள் வேறு. முஸ்லிம் வீட்டில் அடக்கம் சீக்கிரம் நடந்துவிடும். மாலை, மலர்வளையம் கொண்டுபோகாமல் நேரத்துக்குப் போய் நிற்பதே மரியாதை. எந்த வீடானாலும், கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆபீஸ் பழக்கத்தில் வாய் தவறி வந்துவிடும், கவனம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பேனர்? நான் வேண்டாம் என்பேன். 2019-ல் பள்ளிக்கரணையில் சாலையில் வைத்த பேனர் சரிந்து, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிய இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் இறந்தார். கூட வேலை பார்த்தவருக்கு அஞ்சலி என்று இன்னொருவர் தலைக்கு மேல் பேனர் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

3. அந்த மேசை

இதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆனால் ஆபீஸில் அதிகம் வலிப்பது இதுதான்.

முதலில், அவசரப்படாதீர்கள். ஒரு வாரமாவது அப்படியே இருக்கட்டும். நிர்வாகம் இடம் கேட்டால் "வீட்டில் காரியம் முடியட்டும் சார்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர் நாற்காலியை மட்டும் யாரும் மீட்டிங்குக்கு இழுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸில் அது நடந்தது. இழுத்துப்போன பையன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள், அவனுக்கு எதுவும் தெரியாது. எல்லோரும் அவனை ஏன் அப்படிப் பார்த்தோம் என்றும் அவனுக்குப் புரியவில்லை.

மேசையை ஒழிக்க இரண்டு பேர் உட்காருங்கள், ஒருவர் நெருங்கிய நண்பர், ஒருவர் நிர்வாகத்திலிருந்து. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே எடுங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: அமிர்தாஞ்சன் சீசா, பாதி. பல் உடைந்த சீப்பு. வேட்டி விளம்பரம் போட்ட துணிப்பை. மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் ஜெராக்ஸ், 3 பிரதி. ஒரு சின்ன நோட்டில் யார் யாருக்கு எவ்வளவு கைமாற்றுக் கொடுத்தார் என்ற கணக்கு. அதில் என் பெயரும் இருந்தது, 2,000 ரூபாய். நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

அந்த நோட்டை அப்படியே வீட்டுக்குக் கொடுப்பதா? யோசித்தோம். நோட்டில் இருந்த 7 பேரிடமும் போய்ச் சொன்னோம். 6 பேர் அந்த வாரமே கொடுத்தார்கள். பணத்தோடு நோட்டையும் அண்ணியிடம் கொடுத்தோம். அவர் வாங்கிய கடன் எதுவும் அதில் இல்லை என்பதையும் சொன்னோம். அது அவருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம்.

டிபன் பாக்ஸைக் கழுவி அனுப்புங்கள். சட்டையை, ஸ்வெட்டரைத் துவைக்காதீர்கள். அவருடைய வாசம் வீட்டுக்காரர்களுக்கு வேண்டியிருக்கலாம். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடைத்து ஆபீஸ் பையன் கையில் கொடுத்தனுப்பாமல், நல்ல பையில் வைத்து நீங்களே கொண்டுபோங்கள். போகும் முன் போன் செய்து, "இப்போ கொண்டுவரட்டுமா, அப்புறமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்வார்கள். அதுவரை உங்கள் பீரோவில் இருக்கட்டும்.

4. குரலைக் காப்பாற்றுங்கள்

ஆபீஸ் மடிக்கணினியைத் திரும்ப வாங்கியதும் அழித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால், வேலை சம்பந்தமில்லாத சொந்தப் படங்கள், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் இருந்தால் நகலெடுத்து வீட்டுக்குத் தரும்படி முறையாக மின்னஞ்சலில் கேளுங்கள். அவருடைய மின்னஞ்சலிலிருந்து போகும் தானியங்கிப் பதிலையும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்தும் 'நான் விடுப்பில் இருக்கிறேன், திங்கட்கிழமை திரும்புவேன்' என்று பதில் வந்தால் எப்படி இருக்கும்?

உங்கள் போனில் இருப்பது அதைவிட முக்கியம். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை இன்றைக்கே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து, மெனுவில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, மீடியாவோடு சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளலாம். போன் மாற்றும்போது முதலில் தொலைவது இவைதான். என்னிடம் இருந்த ஒன்று 9 விநாடி: "தம்பி, கிண்டில ட்ரெயின் நின்னுடுச்சு, டீ சொல்லாத, ஆறிடும்." அதை மகளுக்கு அனுப்பினேன், முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான். திடீரென்று அப்பா குரலை யாருக்கும் அனுப்பிவிடக் கூடாது.

நம்பர் விஷயம். சிம்மை 90 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால் நிறுத்திவிடுவார்கள், பிறகு அதே எண் வேறொருவருக்குப் போய்விடும். ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவர் பெயரில் யாரோ ஒருவரின் பைக் படம் வந்து நிற்கும். வங்கி, பி.எஃப். வேலைகள் முடியும்வரை வீட்டில் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். பேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி வீட்டார் விண்ணப்பித்தால், 'இன்று இவருக்குப் பிறந்தநாள்' என்று நினைவூட்டல் வராது.

5. பணமும் காகிதமும்

ஆபீஸில் வசூலித்த பணத்தை அவருடைய ஜிபே நம்பருக்கு அனுப்பாதீர்கள். பழக்க தோஷத்தில் அப்படிச் செய்துவிடுவார்கள், அது அவர் வங்கிக் கணக்கில் போய் மாட்டிக்கொள்ளும். செலவுக்குக் கொஞ்சம் ரொக்கமாகக் கவரில், மீதியை மனைவி கணக்கில். முழுவதையும் ஒரே நாளில் கொடுக்காமல், ஒரு பகுதியை ஜூன் மாத ஸ்கூல், காலேஜ் ஃபீஸுக்கு ஒதுக்கி வைக்கலாம்.

இதைவிடப் பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டாருக்குத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். அதனால் நினைவுகூர்வது என்றாலே எனக்கு முதலில் பி.எஃப். ஃபாரம்தான் ஞாபகம் வருகிறது.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சென்னையில் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பதியும்போது பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் ஊர் இனிஷியல் இருக்கிறதே, அது ஆதாரில் பின்னால், பி.எஃப்.பில் முன்னால், வங்கியில் அப்பா பெயரோடு விரிவாக என்று மூன்று அவதாரம் எடுத்திருக்கும். எங்களுக்கு இரண்டு மாதம் போனது இதில்தான். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பி.எஃப்.பில் மூன்று தனித்தனிப் பணம் உண்டு. சேர்ந்திருக்கும் வைப்புநிதிக்குப் படிவம் 20. குடும்ப ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி. வேலையில் இருக்கும்போது இறந்தால் கிடைக்கும் இ.டி.எல்.ஐ. காப்பீட்டுக்குப் படிவம் 5ஐ.எஃப். கடைசியானதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஊழியர் சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை என்பதால் பே-ஸ்லிப்பில் தெரியாது. அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை வரும். ஓய்வூதியம் மனைவிக்கு மட்டுமில்லை, ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரையிலும் உண்டு. நாமினேஷன் கல்யாணத்துக்கு முன்பு போட்டதா என்று பாருங்கள், சிக்கல் கிளம்புவது அங்கேதான்.

கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 5 வருஷம் முடித்திருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். இறப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. இ.எஸ்.ஐ. (ஊழியர் அரசுக் காப்பீடு) உள்ளவர் என்றால் ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். அப்புறம், பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதங்களில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். 436 என்றால் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம், 2 லட்சம் ஆயுள் காப்பீடு. 20 என்றால் சுரக்ஷா திட்டம், விபத்துக்கு 2 லட்சம். கம்பெனியின் குழுக் காப்பீடு தனி.

இதற்கெல்லாம் ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள், வாரம் ஒருமுறை வீட்டுக்கு விவரம் சொல்லட்டும். ராயப்பேட்டை பி.எஃப். அலுவலகத்துக்கு அண்ணி போனபோதெல்லாம் எங்களில் ஒருவர் கூடப் போனோம். கவுண்ட்டரில் நிற்க அவருக்குத் தெரியும். ஆனால் "இறந்தவர் பெயர்?" என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்பத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே.

6. நினைவுக் கூட்டம்

காரியம் முடிந்த பிறகு வையுங்கள், வேலை நாளில், ஆபீஸிலேயே. வெளி மண்டபம் எடுத்தால் அது மேடையாகிவிடும். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டுமானால் பாரிமுனையில் தேவராஜ முதலி தெரு இருக்கிறது. ஆனால் படம் எது என்பதில் கொஞ்சம் அக்கறை எடுங்கள். ஐ.டி. கார்டு படம் வேண்டாம், அதில் யாருமே தங்கள் முகத்தோடு இருப்பதில்லை.

ஆளுக்கு 3 நிமிஷம். ஒரே ஒரு நிகழ்ச்சி. 'பழகுவதற்கு இனியவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற வாக்கியங்களுக்குத் தடை போடுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் யாருக்கும் பொருந்தும், அதனால் அவருக்குப் பொருந்தாது. என்ன சொல்வது என்று தெரியாதவர்களிடம் முந்தின நாளே கேளுங்கள்: அவர் உங்களைக் கடைசியாகத் திட்டியது எதற்கு? உங்களிடம் என்ன சாப்பாடு பிடுங்கிச் சாப்பிட்டார்? பேச்சு தானாக வரும்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரையும் உட்காரவைத்தது ஹவுஸ்கீப்பிங் அக்காவின் பேச்சு. 2015 டிசம்பர் 1, அடையாறு பெருகி எங்கள் தெரு மூழ்கிய இரவு. 14 பேர் முதல் மாடியில் மாட்டிக்கொண்டோம். பேன்ட்ரியில் இருந்தது ரவை மட்டும். அண்ணன் உப்புமா கிண்டினார், மெழுகுவத்தி வெளிச்சத்தில், உப்பை இரண்டு தடவை போட்டு. அக்கா சொன்னார்: "நான் எப்பவும் கடைசியில நின்னு வாங்குறவ. அன்னைக்கு மொதத் தட்டு எனக்குக் குடுத்தாரு. கரிக்குதுன்னு சொல்ல மனசு வரல." அறை முழுக்கச் சிரிப்பு. சிரிக்கலாம், அதற்குத்தான் கூடுகிறோம்.

வீட்டாரைக் கூப்பிடுங்கள், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பேசியவர்கள் எழுதியும் தரட்டும், கையெழுத்தில். எழுதத் தயங்குகிறவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். ஒரு சாதாரண கட்டு நோட்டில் ஒட்டிக் கொடுத்தோம். ஆபீஸில் அப்பா எப்படி இருந்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாத பக்கம் அது.

ஏதாவது நன்கொடையாகச் செய்ய நினைத்தால் அவர் கை போன திசையிலேயே செய்யுங்கள். படிக்கிறவர் என்றால் பக்கத்துக் கிளை நூலகத்தில் புரவலராகச் சேரலாம். ரத்தம் கொடுக்கிறவர் என்றால் அவர் பெயரில் முகாம் வைக்கலாம். எங்கள் அண்ணன் இரண்டும் இல்லை, டீ வாங்கிக் கொடுக்கிறவர். அதனால் மாதத்தில் முதல் வேலை நாள், தெருமுனைக் கடையில் ஆபீஸ் முழுவதற்கும், வாட்ச்மேன், கூரியர் பையன்கள் உட்பட, அவர் கணக்கில் டீ. ஆளுக்கு 50 ரூபாய் போடுகிறோம்.

7. பதினாறுக்கு அப்புறம்

உங்கள் போன் காலண்டரில் இப்போதே போட்டுவிடுங்கள்: 45-ம் நாள், மூன்றாம் மாதம், மனைவி பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளைகளின் தேர்வு முடிவு, முதல் தீபாவளி அல்லது கிறிஸ்துமஸ் அல்லது ரம்ஜான். ஒவ்வொரு தேதிக்கும் ஒருவர் பெயர். தலை தீபாவளியைவிட, ஆள் இல்லாத முதல் தீபாவளிக்குத்தான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பட்டாசும் ஸ்வீட்டும் வேண்டாம், அந்த வருஷம் அவர்கள் பண்டிகை கொண்டாட மாட்டார்கள். சும்மா போய் உட்காருங்கள். தாமதமாகத் துக்கம் கேட்கப் போகிறவர்கள், சில வீடுகளில் செவ்வாய், வெள்ளி ஆகாது என்பதால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எதுனா உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். "சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன், கேஸ் கனெக்ஷனைப் பேர் மாத்திடலாம்" என்று சொல்லுங்கள்.

வருஷ நினைவு நாளில் ஒரு குழப்பம் வரும். வீட்டில் திதி பார்த்துச் செய்வார்கள், அது ஆங்கிலத் தேதிக்குப் பல நாள் முன்னே பின்னே வரும். எங்களுக்குத் தேதிக்குச் சில நாள் முன்னதாகவே வந்துவிட்டது. எது என்று ஒரு மாதம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திதி வீட்டாருடையது, தேதியை ஆபீஸ் வைத்துக்கொள்ளட்டும்.

அந்தத் தேதியும் கடந்து இரண்டு நாள் கழித்துப் போன் செய்தேன், சும்மாதான். அண்ணி எடுத்ததும், "தம்பி, மோட்டார் மறுபடியும் தண்ணி ஏத்தல. அவர் இருந்தா ஏதோ ஒயரைப் பிடிச்சு முறுக்குவார்" என்றார். எந்த ஒயர் என்று எனக்கும் தெரியாது. சனிக்கிழமை ஒரு எலக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு போனேன்.